தோல்வி எதையும் கற்பிப்பதில்லை

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் விழாவானாலும் சரி, பட்டமளிப்பு விழாவானாலும் சரி, மேடையேறும் விருந்தினர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: தோல்விதான் வெற்றிக்கு முதல் படி. அடுத்து எடிசனும் அவர் பல்பும் வருவார்கள். அதற்கடுத்து அப்துல் கலாமும், 1979இல் கடலில் விழுந்த ராக்கெட்டும். அரங்கம் கைதட்டும். இப்போது இந்த வாசகம் மேடையோடு நிற்கவில்லை. கல்வி பற்றிய கட்டுரைகளிலும், தொழில்முனைவோர் கூட்டங்களிலும், கல்லூரி விளம்பரங்களிலும் அது ஒரு கொள்கையாகவே நடமாடுகிறது. தோற்கப் பழகுங்கள், சீக்கிரம் தோற்றுவிடுங்கள், தோல்வி உங்களுக்குக் கற்பிக்கும் என்கிறார்கள்.

மனம் உடைந்த ஒருவருக்கு ஆறுதலாகச் சொன்னால் இதில் குற்றமில்லை. கல்விக் கொள்கையாகச் சொன்னால் பொய். பாலமும் கட்டடமும் கொதிகலனும் கட்டப்போகிறவர்களிடம் சொன்னால் ஆபத்தான பொய். தோல்வி யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. தோற்ற பிறகு ஒருவர் உட்கார்ந்து, ஏன் தோற்றோம் என்று தேடி, கண்டதை எழுதி, எழுதியதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாரே, அந்த உழைப்புதான் கற்பிக்கிறது. அந்த உழைப்புக்கு நேரம் வேண்டும், அளவீடு வேண்டும், உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்காத ஒரு நிறுவனம் வேண்டும். நம் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இவை இல்லை. இல்லை என்பதை யாரும் கேட்காமலிருக்க அந்த வாசகம் உதவுகிறது.

கலாம் கதையையே எடுத்துக்கொள்வோம், மேடைகளில் அதிகம் சிதைக்கப்படுவது அதுதான் என்பதால். 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 முதல்முறையாகக் கிளம்பியது. முதல் கட்டம் சரியாக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட்டின் திசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கைவிட்டது. அதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம், ஒரு வால்வு சரியாக மூடாததால் கசிந்து போயிருந்தது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து ராக்கெட் வங்கக் கடலுக்குள் போயிற்று. 1980 ஜூலை 18ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. மேடைப் பேச்சில் இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வந்துவிடும். நடுவிலிருந்த பதினொரு மாதங்களைப் பற்றிப் பேச்சே இருக்காது.

பாடம் முழுவதும் அந்தப் பதினொரு மாதங்களில்தான் இருக்கிறது. ராக்கெட் கடலில் விழுந்தாலும், பறந்துகொண்டிருந்தபோது அது அனுப்பிய அளவீடுகள் தரையில் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து, பிழை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடி, அந்த வால்வில் போய் நின்றார்கள். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்களைத் தானே எதிர்கொண்டு தோல்விக்குப் பொறுப்பேற்றார். மறுவருடம் வென்றபோது கலாமைப் பேசச் சொன்னார். இதைக் கலாமே எத்தனையோ மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். தவன் அப்படிக் குறுக்கே நிற்காமல், யார் தலையை உருட்டுவது என்று நிர்வாகம் தேடத் தொடங்கியிருந்தால், வால்வைப் பற்றிய உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வந்திருக்கும்? எஸ்.எல்.வி.-3 நமக்குக் காட்டுவது ஒரு நல்ல நிறுவனத்தின் நடத்தையை. அதைத் தனிமனிதரின் விடாமுயற்சிக் கதையாகச் சுருக்கிவிட்டால், கேட்கும் மாணவருக்கு மிஞ்சுவது உற்சாகம் மட்டும்தான்.

எடிசன் கதையிலும் இதே வெட்டு விழுந்திருக்கிறது. அவருடைய ஆய்வகம் விட்டுப்போன குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கானவை. எந்த இழை, எத்தனை நேரம் எரிந்தது, எப்படி அறுந்தது என்று எழுதி வைத்தார்கள். இன்றைய இளைஞர்கள் கொண்டாடும் ஸ்பேஸ்எக்ஸும் விலக்கல்ல. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்களுடைய ஃபால்கன் 1 மூன்றாவது முறையாகத் தோற்றது. பிரிந்த முதல் கட்டத்தின் எஞ்சினில் மிச்சமிருந்த உந்துவிசை அதை மேலே தள்ள, அது இரண்டாம் கட்டத்தில் போய் இடித்துவிட்டது. பிரிப்பதற்கு முன் இன்னும் சில வினாடிகள் காத்திருப்பதுதான் தீர்வு. செப்டம்பர் 28ஆம் தேதி நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. இரண்டு மாதத்துக்குள் அந்தச் சில வினாடிகளைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், மூன்றாவது ராக்கெட்டில் இருந்த உணர்விகள். மூன்று முறை தோற்ற துணிச்சலால் அது கிடைத்துவிடவில்லை.

தோல்வி தானாகவே கற்பிக்கும் என்றால், ஒரே இடத்தில் இரண்டாவது முறை யாரும் விழக்கூடாது. பொறியியல் வரலாறு அப்படி இல்லை. கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29ஆம் தேதி கட்டுமானத்திலேயே சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் நீளத்தைக் கூட்டியபோது அதன் சொந்த எடையை மறுபடி கணக்கிடாமல் விட்டிருந்தார்கள். அடிப்பகுதி உறுப்புகள் வளைந்து வருவதைத் தளத்தில் இருந்தவர்கள் நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே இடத்தில் மறுபடி கட்டப்பட்ட பாலத்தின் நடுப்பகுதியை 1916இல் மேலே தூக்கும்போது அது நழுவி ஆற்றில் விழுந்தது. மேலும் 13 பேர் இறந்தார்கள். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. 2003இல் கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட அந்த இரண்டாவது விபத்தை விசாரித்த குழு, சேலஞ்சருக்குக் காரணமாக இருந்த நிறுவனக் கோளாறுகள் நாசாவில் அப்படியே உயிரோடு இருந்ததை எழுதி வைத்திருக்கிறது.

காமெட் விமானத்தின் கதையை ஒவ்வொரு பொறியியல் மாணவரும் நிதானமாகப் படிக்க வேண்டும். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அது. 1954 ஜனவரி 10ஆம் தேதி ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஒரு காமெட், எல்பா தீவுக்கருகே நடுவானில் பிளந்து கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். விமானங்களைத் தரையிறக்கி வைத்தார்கள். காரணம் இதுதான் என்று தெரியவில்லை. காரணமாக இருக்கக்கூடும் என்று தோன்றியதையெல்லாம் மாற்றினார்கள். மார்ச் 23ஆம் தேதி மறுபடி பறக்க அனுமதித்தார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே அதே விதத்தில் விழுந்தது. 21 பேர். முதல் தோல்விக்கும் இரண்டாவது தோல்விக்கும் நடுவே அந்தப் பொறியாளர்கள் சோம்பி இருக்கவில்லை. இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் காரணத்தை அறியாமல் உழைத்தார்கள்.

பிறகுதான் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைத் தண்ணீரால் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்கெனவே பறந்த பறப்புகளையும் தொட்டிக்குள் ஏற்றி இறக்கியதையும் சேர்த்துச் சுமார் மூவாயிரம் முறை ஆனபோது, சன்னல் மூலை அருகே தொடங்கிய விரிசல் உலோகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. உலோகம் களைத்துப்போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். இந்த விமானத்தில், இந்த மூலையில், இத்தனை முறைக்குப் பிறகு என்பது அந்தத் தொட்டியில்தான் தெரிந்தது. இரண்டு விபத்துகளும் 56 பேரின் மரணமும் சொல்லாததை ஒரு தொட்டி சொன்னது. இன்று நாம் ஏறும் எந்த விமானமும் அந்தத் தொட்டிச் சோதனைக்குக் கடன்பட்டிருக்கிறது.

இன்னொரு சான்று இதைவிடக் கசப்பானது. பால் சிப்லி, ஏ.சி. வாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் பெரிய பால விபத்துகளின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். 1847இல் இங்கிலாந்தின் டீ பாலம். 1879இல் ஸ்காட்லாந்தின் டே பாலம். 1907இல் கியூபெக். 1940இல் அமெரிக்காவின் டகோமா. 1970இல் பெட்டி வடிவ எஃகுப் பாலங்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு ஒன்று. ஒரு தலைமுறை விழுகிறது, அஞ்சுகிறது, எச்சரிக்கையாகக் கட்டுகிறது. அடுத்த தலைமுறைக்கு அந்த அச்சம் வந்து சேர்வதில்லை. வெற்றிகரமாக நிற்கும் பாலங்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. அவர்கள் இன்னும் நீளமாக, இன்னும் மெலிதாகக் கட்டிக்கொண்டே போய் விழுகிறார்கள். தோல்விக்குக் கற்பிக்கும் குணம் இருந்தால் இந்த முப்பதாண்டுக் கணக்கு வந்திருக்காது. ஒரு தலைமுறை பட்டதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு கல்லூரிக்கு உரியது. அந்தப் பொறுப்பு தவறும்போதெல்லாம் பாலம் விழுகிறது.

1970இல் விழுந்தவற்றில் ஒன்று மெல்பர்ன் நகரின் வெஸ்ட் கேட் பாலம். இரண்டு பாதிகளாகக் கட்டிய ஒரு பகுதியை இணைக்கும்போது ஒரு பாதி 114 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. அதை அழுத்தக் கான்கிரீட் பாளங்களை மேலே ஏற்றினார்கள். எஃகுத் தகடு புடைத்துக்கொண்டது. புடைப்பை நேராக்க இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அக்டோபர் 15ஆம் தேதி முற்பகலில் பாலம் விழுந்து 35 பேரைக் கொன்றது. அதே ஆலோசனை நிறுவனம் வடிவமைத்த, அதே வகைப் பாலம் ஒன்று வேல்ஸில் நான்கு மாதங்களுக்கு முன்புதான் விழுந்திருந்தது. இன்று மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புல வளாகத்தில் வெஸ்ட் கேட் பாலத்தின் முறுக்கிய எஃகுத் துண்டுகள் கிடக்கின்றன. அங்கே படிக்கிறவர்கள் அவற்றைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள். நம் கல்லூரி முகப்புகளில் நாம் வைப்பது பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பிடித்தவர்களின் படங்களை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதங்களையும் பார்த்துவிட வேண்டும். ஹென்றி பெட்ரோஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர், பொறியியல் வளர்ந்ததே தோல்விகளால்தான் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவரைக் காட்டி என்னை மறுப்பவர்கள் அவர் புத்தகங்களைத் திறந்து பார்க்கட்டும். அவர் எங்கும் மாணவரைத் தோற்கச் சொல்லவில்லை. அடுத்தவர் தோல்வியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படிக்கச் சொன்னார். முப்பதாண்டுக் கணக்கைப் பரவலாக அறியச் செய்தவரும் அவரே. அவர் என் கட்சி.

மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளர் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் செய்த ஆய்வுகள் இன்னும் நேரடியாக எதிரே வருகின்றன. பாடம் நடத்துவதற்கு முன்பே கடினமான கணக்கைக் கொடுத்து மாணவர்களை முட்டி மோத விட்டால், முதலில் பாடம் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். இதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த முறையின் இரண்டாம் பாதியை நம்மவர்கள் சொல்வதில்லை. முட்டி மோதிய பிறகு ஆசிரியர் வருகிறார். மாணவர்களின் அரைகுறைத் தீர்வுகளையே எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எங்கே நிற்கவில்லை என்று காட்டி, சரியான முறைக்கு அழைத்துப் போகிறார். அந்த வகுப்பில் மோதியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைவதில்லை. இந்த இரண்டாம் பாதிக்கு நன்கு தயாரான ஆசிரியரும், சிறிய வகுப்பும், அவசரமில்லாத பாட நேரமும் வேண்டும். அவற்றுக்குச் செலவாகும். முதல் பாதிக்குச் செலவே இல்லை. நிர்வாகங்களுக்கு முதல் பாதி மட்டும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2019இல் வெளியிட்ட ஆய்வு என் தரப்பை நேராகவே தாங்குகிறது. இரண்டே விடைகள் கொண்ட கேள்விகளை மக்களிடம் கொடுத்தார்கள். ஒன்று தவறு என்றால் மற்றது சரி. ஆகவே ‘சரி’ என்று கேட்டவருக்கும் ‘தவறு’ என்று கேட்டவருக்கும் கிடைக்கும் தகவல் ஒன்றேதான். ஆனாலும் பிறகு சோதித்தபோது, தவறு என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன் தோல்வி தன்மானத்தில் தைக்கும்போது மனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேறொருவரின் தவறைப் பார்த்தபோது அந்தத் தடை இல்லை, கற்றார்கள். மேடைகளில் சொல்லப்படுவதற்கு இது நேர் எதிர்.

இனி நம் ஆய்வகத்துக்கு வருவோம். சிவில் துறையில் கான்கிரீட் லேப். மாணவர்கள் எம் 20 கலவையில் 150 மில்லிமீட்டர் கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு, எடுத்து, கம்ப்ரெஷன் மெஷினில் வைத்து உடைக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கியூப் அது. அதாவது 450 கிலோநியூட்டன் ஏறும்வரை நிற்க வேண்டும். முள் 315இல் நின்று திரும்பிவிடுகிறது. கணக்குப் போட்டால் 14. அடுத்து என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் சிவில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டு வெளியே வரும். அதில் 26.6 என்றோ 27.1 என்றோ இருக்கும். அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய் அதற்குப் பொருந்தும் சுமையைக் கணக்கிட்டு அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். உடைந்த கியூப் குப்பைமேட்டுக்குப் போகும்.

அந்த 14 எவ்வளவு பெரிய புதையல் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கூடிவிட்டதா? மணலில் இருந்த ஈரத்தைக் கணக்கில் எடுத்தோமா? அச்சில் கம்பியால் குத்தும்போது போதுமான அளவு குத்தினோமா, ஓரத்தில் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்திருக்கிறதா? 28 நாளில் எத்தனை நாள் தொட்டியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது? வார்க்கும்போது மேலே இருந்த சொரசொரப்பான முகத்தையே மெஷினின் தகட்டுக்கு அடியில் கொடுத்துவிட்டோமா? பக்கவாட்டு முகங்களில்தான் சுமை ஏற வேண்டும் என்பதைப் பலர் வேலைக்குப் போன பிறகுதான் அறிகிறார்கள். உடைந்த விதத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். நான்கு பக்கமும் சீராக உதிர்ந்து நடுவில் கூம்பு நின்றால் சோதனை சரி, கலவையில்தான் குறை. ஒரு மூலை மட்டும் பிளந்தால் சுமை நடுவில் விழவில்லை. இத்தனை கேள்விகளும் அந்த உடைந்த துண்டுகளில் இருந்தன. 26.6 என்ற எண்ணில் ஒரு கேள்விகூட இல்லை.

அந்த மாணவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வரவேண்டிய எண் வராவிட்டால் வந்ததாக எழுதிவிட வேண்டும் என்பது. நான்கு ஆண்டுகள், பருவத்துக்கு இரண்டு மூன்று ஆய்வகங்கள் என்று இதே பழக்கம் ஊறுகிறது. பிறகு அவர் ஒரு தளத்தில் பொறியாளராக நிற்கிறார். மூன்றாவது மாடித் தூணுக்கான கியூப் 14 காட்டுகிறது. ஒப்பந்ததாரர் பக்கத்தில் நிற்கிறார், அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டிக் காத்திருக்கிறார்கள். கையில் பேனா இருக்கிறது. நாம் எதைப் பழக்கினோமோ அதைத்தான் அந்தக் கை செய்யும்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 என்று உண்மையை எழுதியவருக்கு மதிப்பெண் குறையும். செய்முறைத் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல் ‘ரீடிங் தப்பு’ என்று வட்டம் போடுவார். இறுதியாண்டு புராஜெக்ட் ஓடாவிட்டால் மதிப்பெண் இல்லை, ஏன் ஓடவில்லை என்று முப்பது பக்கம் எழுதினாலும் இல்லை. அதனால்தான் காசு வாங்கிக்கொண்டு ஓடும் புராஜெக்ட்டைக் கையில் கொடுக்கும் ‘புராஜெக்ட் சென்டர்’கள் நம் நகரங்களில் பிழைக்கின்றன. நேர்மையான தோல்விக்கு விலை வைத்த கல்வி முறைதான் வெற்றியை விலைக்கு விற்கும் கடைகளை உண்டாக்கியது.

தோல்வி நல்லது என்று சொல்பவர்கள் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாமாண்டு கணிதத்தில் ஒரு அரியர் விழுகிறது. திருத்திய தாள் அவர் கைக்கு வருவதில்லை. நகல் வேண்டுமென்றால் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கணக்கில், எந்தப் படியில் விட்டார் என்று உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. மறுபடி தேர்வுக் கட்டணம் கட்டி, அதே தேர்வை எழுத வேண்டும். வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்களில் பல ‘அரியர் இருக்கக் கூடாது’ என்று வாசலிலேயே நிறுத்திவிடும். இவருடைய தோல்வியிலிருந்து இவர் எதைக் கற்க முடியும்? விடைத்தாளைக்கூட இயல்பாகக் காட்டாத ஒரு முறை, தோல்வியிலிருந்து கற்றுக்கொள் என்று அறிவுரை சொல்வது கொடுமை. பணமும் பின்புலமும் உள்ளவர் மூன்று தொழில்களில் தோற்று நான்காவதில் வென்று அதை மேடையில் கதையாகச் சொல்லலாம். ஒரே ஒரு வாய்ப்போடு வந்தவருக்கு அந்தக் கதை பொருந்தாது.

தோல்விகளைப் பாடத்தில் சேர்த்திருக்கிறோமே என்று ஒரு பதில் வரும். தொழில் அறநெறிப் பாடத்தில் சேலஞ்சரும் செர்னோபிலும் வருகின்றன, உண்மைதான். சில பத்திகளாக வந்து, மனப்பாடமாகி, விடைத்தாளில் இறங்கிப் போய்விடுகின்றன. டகோமா பாலம் ஆடி அறுந்து விழும் படத்தையும் வகுப்பில் போடுகிறோம். 1940 ஜூலை முதல் தேதி திறந்து நவம்பர் 7ஆம் தேதி விழுந்த பாலம். மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான காற்று, புயல்கூட இல்லை. மாணவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ‘இதுதான் ஒத்ததிர்வு’ என்று சொல்லி வகுப்பு முடியும்.

அந்த விளக்கம் தவறு. ஒத்ததிர்வுக்கு, பாலத்தின் இயல்பான அதிர்வோடு தாளம் சேர்ந்து வந்து தள்ளும் வெளிவிசை வேண்டும். அன்று அப்படித் தாளம் போட்டு வீசிய காற்று இல்லை. பாலம் முறுக்கிக்கொள்ளத் தொடங்கியதும், அந்த முறுக்கலே காற்றிலிருந்து மேலும் ஆற்றலை இழுத்து முறுக்கலைப் பெருக்கியது. 853 மீட்டர் நீள நடுப்பகுதிக்குத் தளம் மிகக் குறுகலாக இருந்ததும், பக்கங்களில் காற்றை விடாத தட்டையான எஃகுத் தகடுகளை நிறுத்தியிருந்ததும் அதற்கு வழிவிட்டன. இயற்பியல் பாடநூல்கள் இதைத் தவறாகவே சொல்லி வருகின்றன என்று பில்லாவும் ஸ்கான்லனும் 1991இல் ஓர் ஆய்விதழில் விளக்கமாக எழுதினார்கள். பாலம் விழுந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பொறியியல் தோல்வி அதுவாகத்தான் இருக்கும். அதைக்கூட நாம் தவறாகக் கற்பித்தோம். காட்சியாகப் பார்க்கப்படும் தோல்வி அந்த அளவில்தான் நிற்கும்.

எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கு ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் போதுமான ஓர் உதாரணம் இருக்கிறது. 1981 ஜூலை 17ஆம் தேதி அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் கூடத்தில், அந்தரத்தில் தொங்கிய இரண்டு நடைபாதைகள் கூட்டத்தின்மேல் விழுந்து 114 பேர் இறந்தார்கள். வரைபடத்தின்படி, கூரையிலிருந்து வரும் நீண்ட கம்பி ஒன்று நான்காவது மாடி நடைபாதையின் உத்தரத்தைத் துளைத்து, அப்படியே கீழிறங்கி இரண்டாவது மாடி நடைபாதையையும் தாங்கும். இரு உத்தரங்களுக்கும் அடியில் ஒவ்வொரு நட்டு. ஒவ்வொரு நட்டும் தன் நடைபாதையின் சுமையை மட்டும் ஏந்தும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போடுவது சிரமம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் கம்பி கூரையிலிருந்து நான்காவது மாடிக்கு. கீழ்க் கம்பி நான்காவது மாடி உத்தரத்திலிருந்து இரண்டாவது மாடிக்கு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இப்போது கீழ் நடைபாதை மேல் நடைபாதையில் தொங்குகிறது. மேல் நட்டு இரண்டின் சுமையையும் ஏந்த வேண்டும். சுமை இரட்டிப்பு. யாரும் மறுபடி கணக்கிடவில்லை. முதல் வடிவமே நகர விதி கேட்ட வலிமையில் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்று பிறகு விசாரித்தவர்கள் கண்டார்கள். மாற்றிய வடிவம் அதிலும் பாதி.

இரண்டாமாண்டு மாணவர் போடக்கூடிய விசைப் படம் இது. முதலில் காரணத்தைச் சொல்லாமல் இரண்டு வரைபடங்களையும் கொடுத்து ‘ஒன்றுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்டுவிட்டு, பிறகு நட்டின் சுமையைக் கணக்கிடச் சொன்னால், அந்த வகுப்பில் இருந்த எவரும் தம் வாழ்நாளில் ஒரு திருத்த வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டார். இதற்காக மாணவர் எவரும் தோற்க வேண்டியதில்லை. 114 பேர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள்.

நமக்கு அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. 2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்த தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட அப்போது சொல்லப்பட்டது. நீதிபதி ரெகுபதி தலைமையில் ஆணையம் அமைத்து விசாரித்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தபோது தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. 1794இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து அந்த இடம் டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்.

அந்தக் கட்டடத்தின் மண் பரிசோதனை, தூண் வடிவமைப்பு, திட்ட அனுமதி, தளத்தில் யார் யார் எதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் வைத்து மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். ஆணைய அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாச் சிவில் துறை நூலகங்களிலும் வைக்க வேண்டும். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் அதுவும் ஒன்று. தோல்வியைக் கொண்டாடச் சொல்லும் அத்தனை மேடைகளும் இந்தக் கோரிக்கையை எழுப்பியிருக்க வேண்டும். நான் கேட்டவரையில் எழுப்பவில்லை.

பாடத்திட்டம் மாறக் காலம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று சிவில் துறை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கியூப் 14இல் உடைந்தால் ரெக்கார்டில் 14 என்றே எழுதச் சொல்லுங்கள். ஏன் 14 என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக்கு, 26.6 எழுதிக்கொண்டு வருபவருக்குப் போடுவதைவிட அதிகமாக மதிப்பெண் போடுங்கள். எக்ஸ்டர்னல் கேள்வி கேட்டால், மாணவரைப் பின்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பதில் சொல்லுங்கள்.